ஊசியும் தண்ணியும்: மதுரைப் பக்கம் பச்சை குத்தின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி கையில டாட்டூ போடலாம்னு இருக்கேன். அந்தக் காலத்துல நம்ம பாட்டிங்க எல்லாம் பச்சை குத்திக்கிட்டாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, இப்ப மட்டும் ஏன் டாக்டருங்க இவ்வளவு பயமுறுத்துறாங்க?"

நல்ல கேள்வி. இதுல ரெண்டு கேள்வி இருக்கு. பாட்டிகளுக்கு நிஜமாவே ஒண்ணும் ஆகலையா? இல்ல, ஆனது என்னன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியலையா? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். நான் டாக்டர் கிடையாது, கோடு எழுதுற ஆளு. ஒரு சிஸ்டம் எங்க உடையுதுன்னு தேடுறது எனக்குப் பழக்கம். பச்சை குத்துற வரலாற்றை அப்படித் தேடிப் பார்த்தா, நூறு வருஷத்துக்கும் மேலா அது உடையுற இடம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஊசி, இன்னொண்ணு மையில கலக்குற தண்ணி.

கை நிறைய பச்சை

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, எந்தப் பக்கம் போனாலும் எண்பது வயசு தாண்டின அப்பத்தா ஒருத்தர் முன்னங்கையைப் பாருங்க. புள்ளிக் கோலம், தேள், மீன், மயில், சில பேருக்கு உடன்பிறந்தவர் பேரு. முகத்துல நாடியில ஒரு புள்ளி. செத்தா காதுல கழுத்துல கிடக்குறதை எல்லாம் கழட்டிருவாங்க, கூட வர்றது இந்தப் பச்சை மட்டும்தான்னு ஒரு நம்பிக்கை உண்டு. நகை வாங்க வழியில்லாத வீட்டுப் பொண்ணுக்கு இது யாரும் அடகு வைக்க முடியாத நகை.

இதைக் குத்தினவங்க பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். கூடை முடையுறது, குறி சொல்றது, பச்சை குத்துறது எல்லாம் சேர்ந்ததுதான் அவங்க பிழைப்பு. அறுவடை முடிஞ்சு வீட்டுல நெல்லு இருக்குற சமயம் ஊருக்குள்ள வருவாங்க. திண்ணையில உட்கார்ந்து, பிள்ளை கையை மடியில இழுத்து வச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே குத்துவாங்க. பாட்டு எதுக்குன்னா வலியை மறக்க. லோக்கல் அனஸ்தீசியாவுக்குப் பதிலா பாட்டு.

இது பத்தி விரிவா எழுதி வச்சவர்கள்ல ஒருத்தர் எட்கர் தர்ஸ்டன். 1885-லிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரா இருந்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல ஏழு தொகுதி வெளியிட்டவர். மனுஷங்க மண்டையையும் மூக்கையும் அளவெடுத்து வகை பிரிச்ச ஆளு, அந்தப் பார்வையில இன்னைக்கு நமக்கு ஒத்துவராதது நிறைய இருக்கு. ஆனா பச்சை குத்துறதுல என்னென்ன செஞ்சாங்கன்னு படிப்படியா குறிச்சு வச்சிருக்கார். கூலிகூட எழுதியிருக்கார்: ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ கால் அணா, பெரிய சித்திரத்துக்குப் பன்னிரண்டு அணா வரை.

சட்டியில பிடிச்ச கரி

இப்ப மைக்கு வருவோம். தர்ஸ்டன் சொல்ற செய்முறை இது. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்துக் கசக்கி, மெல்லிய துணியில பரப்பி, திரியா சுருட்டணும். அகல்ல ஆமணக்கு எண்ணெய் ஊத்தி அந்தத் திரியைக் கொளுத்தி, மேல ஒரு புதுச் சட்டியைக் கவுக்கணும். சட்டியோட உள்பக்கம் படியுற கரியைச் சுரண்டி எடுக்கணும். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணியிலோ குழைச்சா மை ரெடி. தையல் ஊசி சிலதைச் சேர்த்து நூலால கட்டிக் குத்துவாங்க. குத்தி முடிச்சதும் தண்ணியில கழுவி, எண்ணெயும் மஞ்சளும் தடவுவாங்க.

இதை ஒரு ப்ராசஸ் மாதிரி வரிசையா பாருங்க. தீயில இருந்து நேரா எழும்பிப் படியுற கரியில கிருமி உயிரோட இருக்க வாய்ப்பில்ல. சட்டியும் புதுசு, அதுல பழைய சோத்துப் பருக்கை ஒட்டியிருக்காது. இதுவரைக்கும் எல்லாம் சரி. அடுத்த ஸ்டெப்ல தண்ணி வருது. கிணத்துத் தண்ணியோ குளத்துத் தண்ணியோ, கொதிக்க வைக்காம. தீயில சுத்தமான கரிக்குள்ள கிருமி நுழையுற முதல் வாசல் அதுதான். ரெண்டாவது வாசல் அந்த ஊசிக்கட்டு. காலையில முதல் வீட்டுல குத்தின அதே கட்டு, சாயங்காலம் கடைசி வீட்டுலயும் குத்தும்.

இன்னைக்கு 'மஞ்சள், மூலிகை கலந்த பாரம்பரிய இயற்கை மை'ன்னு யாராவது வித்தா, ஒரு விஷயத்தை நினைவுல வச்சுக்கோங்க. அந்தத் திரியில இருந்த மஞ்சளும் அகத்தியும் எரிஞ்சே போச்சு. மிஞ்சுறது கரி. மஞ்சளோட மருத்துவ குணம் எதுவும் அந்தக் கரியில தங்காது. எரிஞ்ச கரியில புற்றுநோயோட தொடர்புள்ள சில வேதிப்பொருள்கள் ஒட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. இன்னைக்குக் கடையில விக்கிற கறுப்பு மையும் அடிப்படையில கார்பன்தான், அதுலயும் இதே கவலை உண்டு.

அது சரி, மை கறுப்பு, அப்புறம் ஏன் 'பச்சை'? கரித்துகள் தங்குறது மேல்தோலுக்கு அடியில இருக்குற உள்தோல்ல. தோல் வழியா போய்த் திரும்புற வெளிச்சம் சிதறுது. அதனால கறுப்பு நம்ம கண்ணுக்கு நீலப்பச்சையா தெரியுது. முன்கை நரம்பு பச்சையா தெரியுறதுக்கும் காரணம் இதே மாதிரிதான்.

அந்தக் கரி ஏன் அழியாம நிக்குது? நம்ம உடம்பு அதை வெளி ஆளா பார்த்து, மேக்ரோஃபேஜ்னு சொல்ற காவல் செல்களை அனுப்புது. அதுங்க கரியை விழுங்கிடுது, ஆனா செரிக்க முடியல. அந்த செல் செத்தா, கொட்டுற கரியைப் பக்கத்துல வர்ற அடுத்த செல் விழுங்கிக்குது. பிரான்சில மார்சே நகரத்து ஆய்வாளர்கள் 2018-ல எலியில இதைக் காட்டினாங்க. ஆக, அப்பத்தா கையில இருக்குற தேள் எழுபது வருஷமா கை மாறிக் கை மாறி வந்த தேள். கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்களுக்கும் போய்ச் சேருது. தோலோட நின்னுடும்னு நினைக்காதீங்க.

நடந்தாத்தான் தொழில்

மை இருக்கட்டும், குத்தினவங்களுக்கு என்ன ஆச்சு? 1871-ல ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல மதராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. மதுரைப் பக்கத்துல இந்தச் சட்டம்னாலே நமக்கு 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடுதான் ஞாபகம் வரும். ஆனா அதே சட்டம் குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் மேலயும் விழுந்தது. பதிவு பண்ணப்பட்டவங்க இருப்பிடம் மாறினா போலீசுக்குச் சொல்லணும், அனுமதி இல்லாம வெளியூர்ல தங்கக் கூடாது. ஊர் ஊரா நடந்தாத்தான் தொழில்னு இருந்த குடும்பங்களுக்கு, நடக்குறதே குற்றம்னு ஆச்சு. பச்சைக் குறியைப் போலீஸ் அங்க அடையாளமாவும் எழுதிக்கிட்டாங்க. அவங்க மத்தவங்க கையில போட்ட அழகு, போலீஸ் பதிவேட்டுல ஒரு குறிப்பாச்சு.

1947-ல மதராஸ் மாகாணத்துல இந்தச் சட்டம் நீங்கினப்போ, கிராமத்து ரசனையும் மாற ஆரம்பிச்சிருந்தது. பள்ளிக்கூடம் போன பொண்ணுங்க பச்சையைப் பட்டிக்காடுன்னு நினைச்சாங்க. அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்குப் போன கைத்தொழில் மெல்ல அறுந்தது.

நடுவுல ஒரு தடவை பச்சை அரசியலாவும் திரும்பி வந்துச்சு. 1970-கள்ல கட்சிக் கொடியைத் தொண்டர்கள் கையில பச்சை குத்திக்கணும்னு எம்.ஜி.ஆர். சொன்னார். கட்சிக்குள்ளயே அதுக்கு எதிர்ப்பு வந்தது. அதையும் தாண்டிக் குத்திக்கிட்டவங்க நிறைய. 1980-ல அவர் ஜெயிச்சது மதுரை மேற்குத் தொகுதியில. அந்தத் தலைமுறை ஆண்கள் கையில அந்தக் கொடியை இன்னைக்கும் பார்க்கலாம். அந்தக் கொடி விஷயத்துல நடந்த சண்டை எல்லாம் சுயமரியாதை பத்தி, விசுவாசம் பத்தி. இன்னைக்கு நமக்கு முதல்ல தோணுற கேள்வி வேற: ஒரே ஊசியில எத்தனை கை?

ஊசியில என்ன இருந்தது

அந்தக் கேள்வி அன்னைக்கு ஏன் எழலன்னு புரிஞ்சுக்க, நாலு வருஷத்தை வரிசையா வைங்க. ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான முதல் தடயம் கிடைச்சது 1960-களின் நடுவுல. நியூயார்க் நகரம் மஞ்சள் காமாலையைக் காரணம் காட்டி டாட்டூவைத் தடை பண்ணினது 1961-ல, தடையை எடுத்தது 1997-ல. இந்தியாவுல முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல, நம்ம சென்னையில, டாக்டர் சுனிதி சாலமன், நிர்மலா இவங்க முயற்சியில. ஹெபடைட்டிஸ் சி வைரஸை அடையாளம் கண்டது 1989-ல.

அதாவது திண்ணையில பச்சை குத்தின காலம் முழுக்க, ஊசி நுனியில என்ன போகுதுன்னு உலகத்துல யாருக்குமே தெளிவா தெரியாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துல ஏழு நாள் வரை உயிர்ப்போட இருக்கும். அது உள்ள போனா கல்லீரல் கெடுறதுக்கு இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். பத்து வயசுல பச்சை குத்திக்கிட்ட ஒரு பொண்ணு நாற்பது வயசுல வயிறு வீங்கி இறந்தா, யாரு அந்தத் தேளையும் இந்த மரணத்தையும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருப்பாங்க? 'பாட்டிக்கு ஒண்ணும் ஆகல'ங்கிறதுல இன்னொரு ஓட்டையும் இருக்கு. நாம கையைப் பார்க்குறது எண்பது வயசு வரை உயிரோட இருக்குற பாட்டிகளை மட்டும்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு. சத்தீஸ்கர் மாநிலம் பிலாய்ல ஒரு தோல் மருத்துவர், பச்சை குத்தின இடத்துலயே தொழுநோய் ஆரம்பிச்ச 31 பேரைப் பத்தி 2002-ல மருத்துவ இதழ்ல எழுதினார். தெருவுலயும் சந்தையிலயும் ஒரே ஊசியில குத்திக்கிட்டவங்க. குத்தினதுக்கும் நோய் தெரிஞ்சதுக்கும் நடுவுல பல வருஷ இடைவெளி. குத்தின கோட்டு மேலயே தேமல் வந்ததாலதான் அந்தத் தொடர்பு தெரிஞ்சது. ரத்தத்துல போற கிருமி அப்படிக் கோடு போட்டுக் காட்டாது.

தண்ணியில என்ன இருந்தது

1870-களின் கடைசியில அமெரிக்காவுல, பிலடெல்பியாவில, ஒரு பச்சை குத்துறவர் மையை எச்சில்ல குழைச்சுக் குத்தினதால பல பேருக்கு மேகநோய் பரவினதை டாக்டர்கள் பதிவு பண்ணினாங்க. அது அறியாத காலம்னு விட்டுடலாம். ஆனா 2011, 2012-க்கு வாங்க. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர்ல 19 பேருக்குப் பச்சை குத்தின இடத்துல கட்டிகட்டியா புடைப்பு. கடை சுத்தம், ஊசி புதுசு, கையுறை எல்லாம் இருந்தது. தேடிப் பார்த்தா, சாம்பல் நிறம் வர்றதுக்காக மையைத் தயாரிக்கிற இடத்துலயே கலந்த மையில மைக்கோபாக்டீரியம் செலோனே. காசநோய்க் கிருமியோட தூரத்துச் சொந்தம், தண்ணியில வாழுறது. கிருமி வந்த வழியா சந்தேகப்பட்டது மையில சேர்த்த காய்ச்சி வடிச்ச தண்ணியை. காய்ச்சி வடிச்சா உப்பு போகும். அப்புறம் மூடி வைக்கிற பாத்திரமும் குழாயும் சுத்தமா இல்லன்னா கிருமி திரும்ப வந்திடும்.

தாய்ப்பாலிலோ தண்ணியிலோ குழைச்ச அந்தச் சட்டிக் கரிக்கும், பளபளப்பான பாட்டில்ல வந்த இந்த மைக்கும் நடுவுல நூறு வருஷ டெக்னாலஜி. பிரச்சினை உள்ள வந்த வாசல் மட்டும் மாறல.

மெஷின் வந்தது, சட்டம் வரல

சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்ல மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினது 1891-ல. மெஷின் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை குத்தும். வேகமும் துல்லியமும் கூடினது மாதிரியே, தப்பு ஊசியா இருந்தா ஆபத்தும் கூடுது.

மதுரையில இன்னைக்கு ஏசி ஸ்டுடியோவும் உண்டு, திருவிழாக் கடைவீதியில பேட்டரி மெஷினோட உட்கார்ந்திருக்கிறவரும் உண்டு. ரெண்டு பேருக்கும் பொதுவான ஒண்ணு: டாட்டூவுக்குன்னே தனியா கறாரான மருத்துவ விதிமுறை நம்ம நாட்டுல இல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில இருந்து டாட்டூ மையில இருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு வச்சிருக்கு. கர்நாடகா 2025-ல மை மாதிரிகளைச் சோதிச்சு, கன உலோகங்கள் இருக்குன்னு சொல்லி, தரநிலை கொண்டுவரச் சொல்லி ஒன்றிய அரசைக் கேட்டுச்சு. 2024 டிசம்பர்ல பக்கத்து திருச்சியில ஒரு டாட்டூ கடையில நாக்கைப் பிளந்துவிட்டு, வீடியோவும் போட்டு, ரெண்டு பேர் கைதானாங்க. மாநகராட்சி கடைக்கு சீல் வச்சது. அந்த அளவுக்குப் போனாத்தான் நடவடிக்கை வருது. சாதாரணக் கடையில ஊசி புதுசான்னு பார்க்க வேண்டிய ஆளு, இன்னைய நிலைமையில, நீங்கதான்.

குத்துறதுக்கு முன்னாடி

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு பாருங்க. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துல இது 2002-ல சில இடங்கள்ல தொடங்கி, நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில. என் வயசுக்காரங்கள்ல நிறைய பேருக்குப் போட்டிருக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு மூணு டோஸ்: இன்னைக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறு மாசத்துல. ஹெபடைட்டிஸ் சிக்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி கிடையாது.

கடையில மூணு விஷயம் கண் முன்னாடி நடக்கணும். ஊசி பாக்கெட்டை உங்க முன்னால பிரிக்கணும். மையைப் பெரிய பாட்டில்ல இருந்து உங்களுக்குன்னு சின்ன கப்புல ஊத்தணும், மிச்சத்தைத் திரும்பப் பாட்டில்ல ஊத்தக் கூடாது. மையை இளக்கினா சீல் பிரிக்காத ஸ்டெரைல் தண்ணியில மட்டும்தான் இளக்கணும், கேன் தண்ணியில இல்ல. கேட்டா கோபப்படுற கடையா, எழுந்து வந்திடுங்க.

சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, தழும்பு தடிச்சு வளர்ற உடம்புக்காரங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. ராணுவத்துக்குத் தயாராகிற தம்பிங்க இன்னொண்ணும் கவனிங்க: பொதுவா முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேற இடத்துல நிரந்தர டாட்டூ இருந்தா தேர்வுல நிராகரிப்பாங்க. குத்தின பிறகு 12 மாசம் ரத்ததானமும் பண்ண முடியாது.

குத்தின பிறகு

டாட்டூன்னா ஆயிரக்கணக்கான துளை உள்ள ஒரு புண். அப்படித்தான் பார்த்துக்கணும். கடையில ஒட்டினதை அவங்க சொன்ன நேரத்துல எடுத்துட்டு, கையைக் கழுவிட்டு, வாசனை இல்லாத சோப்பால மெதுவா கழுவி, ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. மேல மெல்லிசா வாசனை இல்லாத களிம்பு. பொருக்கை உரிக்காதீங்க, சொறியாதீங்க. மதுரை வெயில் நேரா படாம பார்த்துக்கோங்க.

ரெண்டு மூணு வாரம் கிணறு, கண்மாய், நீச்சல் குளம் வேண்டாம். அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு நீங்களும் வைகைத் தண்ணியில இறங்கணும்னா, திருவிழாவுக்கு முந்தின வாரம் டாட்டூ போடாதீங்க. நேயர் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: ஒரு மாசம் முன்னாடி போடுங்க, இல்லைன்னா திருவிழா முடிஞ்சு போடுங்க.

மஞ்சள்? அப்பத்தா காலத்துல கையில கிடைச்சதுல நல்லது அதுதான். புண்ணுக்குப் பராமரிப்பு வேணும்ங்கிற அவங்க அறிவை மதிக்கிறேன். ஆனா சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கினது இல்ல, கலப்படமும் உண்டு. திறந்த புண்ணுல போடாதீங்க. காபித்தூள், டூத்பேஸ்ட், விபூதியும் வேண்டாம்.

முதல் ரெண்டு நாள் சிவப்பும் வலியும் சகஜம். சிவப்பு பரவுது, சீழ் வருது, காய்ச்சல் குளிர் வருதுன்னா அன்னைக்கே டாக்டர். பல வாரம் கழிச்சு சின்னச் சின்னக் கட்டி வந்தா, ராச்செஸ்டர் கதையை நினைச்சுக்கிட்டு, 'இங்க டாட்டூ போட்டேன்'னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. சாதாரண ஆன்டிபயாட்டிக்ல அது போகாது.

பழைய ஊசியா இருந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா காத்திருக்காதீங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில ஏ.ஆர்.டி. மையம் இருக்கு, அங்க போய் விசாரிங்க. 1097 இலவச உதவி எண். வீட்டுல திட்டுவாங்கன்னு மூணு நாளைக் கடத்திடாதீங்க. டாட்டூ போட்டது தெரிஞ்சா வர்ற சண்டை ஒரு வாரத்துல முடிஞ்சிடும்.

உங்க வீட்டு அப்பத்தா, அம்மாச்சி கையில பச்சை இருந்தா, யாரு குத்தினாங்க, என்ன கொடுத்தாங்க, எத்தனை பேருக்கு ஒண்ணா குத்தினாங்கன்னு கேட்டு, குரல் பதிவா அனுப்புங்க. அந்தப் பொண்ணுங்களோட பேரை தர்ஸ்டன் எழுதி வைக்கல. ஞாபகம் இருக்குறவங்ககிட்ட இப்பவே கேட்டாத்தான் உண்டு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.